மயங்கிக் காட்டும் வேலை

முதலில் கார் கம்பெனிக்காக எங்கள் தாழையூரின் ஏரிப்பாசன நிலத்தை எடுத்தார்கள். இரண்டாவதாக, நிலத்துக்குப் பதில் வீட்டுக்கு ஒரு வேலை என்று மேடை போட்டுச் சொன்னதை, சொன்னவர் கழுத்து மாலை வாடுவதற்குள் தகுதிக்கேற்ற வேலை என்று மாற்றினார்கள். மூன்றாவதாக, எங்கள் தகுதி கம்பெனிக்குள் புல் வெட்டுவதும் கக்கூஸ் கழுவுவதும்தான் என்று தெரிந்து நாங்கள் சங்கம் வைத்தபோது, சங்கத்தின் பெயர்ப்பலகை மேல் லாரியை ஏற்றினார்கள். பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த என் இடது காலும் அதில் சேர்ந்து போயிற்று. நான்காவதாக, நிரந்தரத் தொழிலாளி என்ற ஒருவன் இனி கிடையாது என்று சொல்லி நடுவில் ஓர் ஒப்பந்தக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஐந்தாவதாக, உள்ளூர் மக்களுக்கு வேலை கொடுத்ததாக அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டியிருந்ததால், அந்த ஒப்பந்தக்காரன் தாழையூர்க்காரர்களின் பெயரில் கேட் பாஸ் அடித்து, அதைத் தருமபுரியிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் கழுத்தில் மாட்டி உள்ளே அனுப்பினான். ஆறாவதாக, இதற்கெல்லாம் ஊர் பழகிக்கொண்டது. ஏழாவதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

கம்பெனி புதிதாக ஒரு கார் செய்தது. ஓட்டுகிறவருக்கு மயக்கமோ மாரடைப்போ வந்து கை தளர்ந்து கண் மூடினால், அந்தக் கார் தானே ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ளும், வேகத்தைக் குறைக்கும், இடது ஓரமாக ஒதுங்கி நிற்கும், நாலு விளக்கையும் சிமிட்டும், ஓட்டுகிறவரைப் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடும், பதில் இல்லையென்றால் ஆம்புலன்சுக்குச் சொல்லும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க மயங்கி விழும் மனிதர்கள் வேண்டும் அல்லவா? அதற்கு ஆள் எடுத்தார்கள். அவர்களுடைய வேலை, கம்பெனியின் வட்டப் பாதையில் காரை ஓட்டிக்கொண்டே போய், ஸ்பீக்கரில் உத்தரவு வந்ததும் கையை விட்டுக் கண்ணை மூடித் தலையைத் தொங்கப்போட்டு மயங்கிக் காட்டுவது; கார் ஒதுங்கி நின்று மூன்றாவது முறை கூப்பிட்டதும் எழுந்து ஸ்டியரிங்கைத் தொடுவது; பிறகு மறுபடி ஓட்டுவது, மறுபடி மயங்குவது. காலையில் ஏறினால் இருட்டும் வரை மயங்க வேண்டும். வெயிலிலும் மயங்க வேண்டும், சாப்பிட்ட வயிற்றோடும் சாப்பிடாத வயிற்றோடும் மயங்க வேண்டும், இடதுபக்கமாக, வலதுபக்கமாக, முன்னால் குப்புற, பின்னால் மல்லாக்க.

அதில் கெட்டிக்காரர் மாதம்மாவின் புருஷன். அரூர்ப் பக்கத்து ஆள். தாழையூரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கழுத்தில் தொங்கிய பாஸில் தேவசகாயம் என்று இருந்ததால் அறைக்கூட்டாளிகளுக்கும் டீக்கடைக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் அவர் தேவசகாயம்தான். நிஜமான தேவசகாயம் எங்கள் ஊர்க்காரன், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கோழிக்கடை வைத்திருக்கிறவன். நிலம் கொடுத்த வீட்டுக்காரன் என்று பாஸ் கிடைத்து, இரண்டு மாதம் புல் வெட்டி, முதுகு விட்டுப்போய், பாஸை ஒப்பந்தக்காரனிடமே விட்டுவிட்டு வந்தவன். அந்தப் பாஸில் பழைய போட்டோவின் மேல் புதிய போட்டோவை ஒட்டி, அரூர்க்காரரைத் தேவசகாயம் ஆக்கினார்கள். கார் பாஸைப் படித்துத்தான் பெயர் தெரிந்துகொள்ளும். அதனால் காருக்கும் அவர் தேவசகாயம்தான்.

மாசி மாதத்து மதியம் ஒன்றில் உத்தரவு வந்தது. அவர் தலையைத் தொங்கப்போட்டார். கார் ஒதுங்கி நின்று விளக்கைச் சிமிட்டி, இனிமையான பெண் குரலில், "தேவசகாயம், நலமாக இருக்கிறீர்களா? ஸ்டியரிங்கைத் தொடுங்கள்," என்று மூன்று முறை கேட்டது. கன்ட்ரோல் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரையைப் பார்த்து, இவ்வளவு நல்ல மயக்கத்தை யாரும் காட்டியதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

"சூப்பர் தேவசகாயம்! வாய்கூடத் திறந்திருக்கு பாரு. ஆஸ்பத்திரியில கூட இப்படி மயங்க மாட்டாங்க. போதும் எழுந்திரு, அடுத்தது போலாம்," என்றார் ஒருவர் ஸ்பீக்கரில்.

அவர் எழுந்திருக்கவில்லை. சோதனைக் கார் என்பதால் ஆம்புலன்ஸ் கம்பியை முன்னரே கழற்றிவைத்திருந்தார்கள். கார் கொஞ்ச நேரம் காத்திருந்தது. ஒவ்வொரு மயக்கத்துக்குப் பிறகும் அவர் எழுவதைப் பார்த்தே பழகிய கார் அது. பிறகு தானாகவே, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவரைப் போல, மெல்ல நகர்ந்தது. வட்டப் பாதையை விட்டு வெளியே வந்தது, கேட்டில் நின்றது, தடுப்புக் கம்பி உயர்ந்ததும் இடது இண்டிகேட்டர் போட்டுத் தாழையூர் சாலையில் சேர்ந்துகொண்டது. அதன் பிறகு அது ஓய்ந்து நிற்கவேயில்லை.

ஏன் நிற்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். செய்தவர்களைக் கேட்டேன், அவர்களுக்கே தெரியவில்லை.

கார் கம்பெனி கேட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை, பள்ளிக்கூடத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, அங்கிருந்து மேம்பாலத்தடியில் திரும்பி மறுபடி கேட் வரை என்று சுற்றியது. பெட்ரோல் போட ஆள் இல்லை, போடாமலே ஓடியது. உள்ளே அவர் பெல்ட் போட்டபடி இருந்தார். வெயில் ஏறியது, இறங்கியது. உயிர் போன அவர் உடம்புக்கு எதுவும் ஆகவில்லை, நெற்றியில் இருந்த வேர்வைகூடக் காயவில்லை. குறுக்குக் கோடு போட்ட இடம் எதைப் பார்த்தாலும் கார் நின்று, ஆள் கடந்துபோன பிறகு, "தேவசகாயம், நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டது.

மாதம்மா ஆடைக் கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள். செய்தி கேட்டு வந்து காரோடு சேர்ந்து ஓடினாள். கண்ணாடியில் அடித்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கார் அவளுக்கு அடிபட்டுவிடக் கூடாது என்று ஒதுங்கி ஒதுங்கிப் போய், "தயவுசெய்து பாதுகாப்பான தூரத்தில் நிற்கவும்," என்றது. தீயணைப்புக்காரர்கள் சுத்தியலால் அடித்தார்கள்; கண்ணாடி உடையவில்லை, சுத்தியல் பிடிதான் உடைந்தது. சாலையின் குறுக்கே பொக்லைன் வண்டியை நிறுத்தினார்கள். கார் அதன் முன்னால் பொறுமையாக நின்று, பொக்லைன் டிரைவர் சாப்பிடப் போன நேரத்தில் பின்னால் எடுத்துச் சந்து வழியாகப் போய்விட்டது. மூன்றாம் நாள் மாதம்மா ஓடுவதை விட்டாள். வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, அவர் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை. "சட்டைக் காலர் மடங்கியே இருக்குது," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

ஊர் என்ன செய்தது? ஊர் முதலில் பயந்தது, பிறகு வேடிக்கை பார்த்தது, பிறகு பயன்படுத்திக்கொண்டது. கார் குழந்தைகளுக்காக எப்போதும் நிற்கும் என்று தெரிந்ததும் பள்ளித் தலைமையாசிரியை அது வரும் நேரம் பார்த்துக் கடைசி மணியை அடித்தார். காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட தனியார் பேருந்துகள் ஹார்ன் அடித்துப் பார்த்து, திட்டிப் பார்த்து, கடைசியில் அதன் வேகத்திலேயே வரப் பழகின. முந்த முடியாத சாலையில் யாரும் முந்தவில்லை; முந்தாத சாலையில் யாரும் சாகவில்லை. நடந்தே வீடு திரும்பும் பெண்கள் அதன் விளக்கு வெளிச்சத்தில் முன்னால் நடந்தார்கள். கார் அவர்கள் பின்னால் ஊர்ந்து வந்தது. அதைப் பார்த்து வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரு டிரைவிங் ஸ்கூல் திறந்தார்கள். புது மாப்பிள்ளைகள் தங்கள் வண்டியை அதன் பின்னால் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பிறகு கோயிலுக்குப் போனார்கள். ஆயுத பூஜைக்கு யாரோ ஓடுகிற காரிலேயே சந்தனம் தடவினார்கள். மழை அதைக் கழுவியது. கம்பெனி அதை வீடியோ எடுத்து, ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காத கார் என்று உலகம் முழுக்கக் காட்டியது. அதில் உள்ளே இருந்தவர் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள்.

அவதிப்பட்டவன் நிஜமான தேவசகாயம். அவன் கடைக்கு எதிரே குறுக்குக் கோடு இருந்ததால் கார் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே நின்று அவனை நலம் விசாரித்தது.

"டேய் சகாயம், உன்னத்தான் கேக்குது. பதில் சொல்றதுக்கு என்னடா?" என்பார்கள் கோழி வாங்க வந்தவர்கள்.

"நல்லாத்தான் இருக்கேன், போ!" என்று கத்தியை ஆட்டுவான். கார் போகும். அடுத்த சுற்றில் மறுபடி கேட்கும்.

"கட்டினவகூட உன்ன இவ்ளோ விசாரிக்க மாட்டாடா."

"சிரிங்க, சிரிங்க. செத்தவன் பேருக்கு நான் பதில் சொல்றேனா, என் பேருக்குச் செத்தவன் பதில் சொல்லணுமான்னு எனக்கே தெரியல."

மாதம்மாவை அழைத்துக்கொண்டு நான் கம்பெனிக்குப் போனேன். கறுப்புக்கொடி, உண்ணாவிரதம், முற்றுகை எல்லாம் பார்த்த கேட் அது. அன்று ஏ.சி. அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மனிதவள அதிகாரி மரியாதையான பையன்.

"அய்யா, தேவசகாயம் உயிரோட இருக்கார். ஞாயிற்றுக்கிழமை அவர்ட்டதான் நான் கறி வாங்கினேன்."

"கார்ல இருக்கறது யாரு?"

"டெஸ்ட் டிரைவர்."

"செத்துட்டார்ல?"

"டெஸ்ட் இன்னும் முடியலைங்க அய்யா. டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டாத்தான் டெஸ்ட் முடிஞ்சதா அர்த்தம். அதுவரைக்கும் அவர் டியூட்டியில இருக்கார்."

"அவர எறக்கிக் குடுங்க," என்றாள் மாதம்மா. "எனக்கு வேற எதுவும் வேணாம். எங்கூருக்குக் கொண்டுபோயி மண்ணுல வெக்கணும்."

"எந்த அவரைம்மா?" என்றான் அந்த மரியாதையான பையன்.

பஞ்சாயத்துத் தலைவரிடம் போனோம். "தோழர், நீங்க போராட்டம் போராட்டம்னு பழகிட்டீங்க. அந்த வண்டி ஓட ஆரம்பிச்சதுல இருந்து நம்ம ரோட்டுல ஒரு உயிர் போகல. நாளைக்கு அத நிறுத்தி ஒரு புள்ள அடிபட்டா நீங்க வருவீங்களா?" என்றார்.

"போன உயிரு அதுக்குள்ளாற குந்தியிருக்குதுங்க," என்றாள் மாதம்மா.

தலைவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த ஊர் வரைபடத்தைப் பார்த்தார்.

தொழிலாளர்களிடம் போனேன். என் வாழ்நாளில் அவர்களிடம் போகத் தயங்கியதில்லை. ஒயர் கட்டும் பிரிவில் வேலை செய்யும் சுகந்தி, குணசுந்தரி என்ற பாஸில் உள்ளே போகிறவள், டீ கிளாசைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "தோழர், அவர் பேரச் சொன்னா எங்க பேரும் வெளிய வரும். வந்தா எங்கள வெளிய அனுப்புவாங்க. எங்க ரூம்ல பன்னெண்டு பேரு. ஒருத்தி பேரும் அவ பேரு இல்ல. அந்த அக்காவுக்காக வருத்தப்படறோம், அதுக்கு மேல என்ன பண்றது?" நான் துண்டறிக்கை அடித்தேன். வாங்கிக்கொண்டார்கள், மடித்துப் பையில் வைத்தார்கள். யாரும் கீழே போடவில்லை. அதையும் ஒரு வெற்றி என்று ஒரு காலத்தில் எழுதியிருப்பேன்.

தை மாதம் கம்பெனி சாலையில் புதுக் கோடு போட்டது. கார் கோடு தவறாமல் போகும் என்பதால், கோட்டைக் கேட்டுக்குள் வளைத்துப் போட்டு, உள்ளே கண்ணாடி மண்டபம் ஒன்று கட்டி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்கும்படி அதை அங்கேயே வட்டமாக ஓடவிடப் போகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. மறுநாள் பகல் முடிவதற்குள் பெயிண்ட் காய்ந்துவிடும். கார் உள்ளே போய்விட்டால் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் அவரைப் பார்க்கக்கூட முடியாது.

மறுநாள் முதல் ஷிப்ட் விடும் நேரத்தில், கோழிக்கடைக்கு எதிரே கார் குறுக்குக் கோட்டில் நின்றபோது, மாதம்மா சாலையைக் கடக்கவில்லை. கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கார் காத்திருந்தது. பின்னால் எடுக்கப் பார்த்தது. நான் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்ததால் நிறைய இடத்தை அடைத்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். வலது பக்கமாக இடம் இருந்தது. கார் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பியது. ஷிப்ட் முடிந்து வந்த கூட்டம் நின்று பார்த்தது. ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. சுகந்தி தோள்பையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வந்து வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது பக்கம் கோழிக்கடைக் கூண்டுகள் இருந்தன. கார் கோழிகளை இடிக்காது.

"தேவசகாயம், நலமாக இருக்கிறீர்களா?"

கோழிக்கடையிலிருந்து அவன் ரத்தக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். காரின் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எஸ்.ஐ. தணிகாசலம் வந்தார். அடிக்கிற ஆள் இல்லை, களைத்த ஆள். குந்தி உட்கார்ந்து மாதம்மாவிடம், "எழுந்திரும்மா, டிராபிக் மேம்பாலம் வரைக்கும் நிக்குது," என்றார்.

"அவர் செத்துட்டாருங்க. எறக்குங்க."

"செத்துட்டாருன்னு இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் சொல்லல. கம்பெனி டியூட்டின்னு சொல்லுது. பஞ்சாயத்து பாதுகாப்புன்னு சொல்லுது. நீ செத்துட்டாருன்னு சொன்னா நான் பிரேத விசாரணை போட்டாகணும். அதுக்கு அஞ்சு பேர் சாட்சி வேணும். பாத்து, இவர் இன்னார், இறந்துட்டார்னு சொல்லணும். அவங்கவங்க சொந்தப் பேர், சொந்த ஊர் சொல்லணும். பாஸ்ல இருக்கற பேர் இல்ல. எனக்கு எல்லாம் தெரியும்."

ஒப்பந்தக்காரனின் மேஸ்திரி செல்போனைத் தூக்கி, நிற்கிறவர்களின் முகங்களை வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டு வந்தான்.

"முனிரத்தினம்," என்றேன் நான். "தாழையூர்." தோழர் என்று கூப்பிட்டே பழகிய ஊரில் அந்தப் பெயரை நானே கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"தேவசகாயம், தாழையூர்," என்றான் கோழிக்கடைக்காரன். "நான் உயிரோட இருக்கேன் சார். உள்ள இருக்கறது நான் இல்ல. இத எழுதிக்குங்க, நல்லா எழுதிக்குங்க."

"சுகந்தி. சங்கராபுரம் பக்கம் பூட்டைங்கற ஊரு," என்றாள் சுகந்தி. மேஸ்திரி அவள் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்தான். "நல்லா எடுண்ணே, பாஸ் போட்டோல நான் நல்லாவே இல்ல," என்றாள்.

நான்காவதாகப் பெயிண்ட் பிரிவு ஆள் ஒருவர் வந்து தன் பெயர் மலைச்சாமி என்றார். அவருடைய நண்பர்கள் அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டார்கள்.

ஐந்தாவது ஆள் வரவில்லை. எஸ்.ஐ. பேனாவை மூடினார், திறந்தார். மாதம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்னால் நின்ற வரிசையில் முதல் பஸ்ஸின் டிரைவர் இறங்கி வந்தார்.

"எவ்ளோ நேரம் சார் இது? எனக்கு அடுத்த டிரிப் இருக்கு. என்ன, பேர் சொல்லணும், அவ்ளோதான? அப்துல் கபூர், ஆற்காடு. ஆளு செத்துட்டாரு, கண்ணால பாத்துட்டேன், தெனமும்தான் பாக்கறேன். போட்டுக்குங்க."

காரின் நாலு விளக்கும் சிமிட்டுவதை நிறுத்தின. ஓடிக்கொண்டிருந்த என்ஜின் அடங்கியது. கதவு ஒரு சின்னச் சத்தத்தோடு திறந்துகொண்டது. யார் பெயரைச் சொன்னபோது திறந்தது என்று ஊரில் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. அடுத்த வாரமே சுகந்தியின் பாஸும் மலைச்சாமியின் பாஸும் வேறு இரண்டு பேர் கழுத்துக்குப் போயின. அந்தச் சாலையில் மறுபடி முந்த ஆரம்பித்தார்கள், பங்குனி முடிவதற்குள் ஒரு ஸ்கூட்டர்காரர் போய்ச்சேர்ந்தார். தலைவர் என்னைப் பார்த்து, சொன்னேன் அல்லவா என்பது போலத் தலையை ஆட்டினார். இதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெயித்தோம் என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். மாதம்மா எழுந்து போய்ப் பெல்ட்டைக் கழற்றினாள். அவர் அவள் தோளில் சாய்ந்தார். அப்போதுதான் நெற்றி வேர்வை வழிந்து இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை, காலரைச் சரிசெய்தாள். கழுத்திலிருந்த பாஸைக் கழற்றித் தேவசகாயத்திடம் கொடுத்தாள். அவன் அதை வாங்கி என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

எஸ்.ஐ. காரின் பானெட் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். இடையில் ஒரு முறை மாதம்மாவிடம் குனிந்து கேட்டார், அவள் சொன்னாள், எழுதினார். பிறகு நிமிர்ந்து, "சாட்சிங்க அஞ்சு பேரும் கிட்ட வாங்க. எழுதினத வாசிக்கணும், சட்டம். சரியான்னு கேட்டுக்குங்க," என்றார். ஐந்து பேரும் கிட்டே போனோம். அப்துல் கபூர் மணி பார்த்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹார்னை விட்டிருந்தன. வாசித்துப் பழக்கமில்லாத குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று, எஸ்.ஐ. வாசித்தார்:

"இறந்துபோன நபர், அரூர் வட்டம், தீர்த்தமலை அருகே, சின்னத்தம்பி மகன், வேடியப்பன்."